சாதாக் கவரில் கார்டு அனுப்பினால் அந்த 49 சென்ட் எங்கிருந்து முளைக்கிறது?

நானும் என் மகனும் நியூஜெர்சியிலிருந்து போகிமான் கார்டும் பழைய பேஸ்பால் கார்டும் வாங்குகிறோம், விற்கிறோம். வியாபாரம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. அவனிடம் இரண்டாக இருக்கும் கார்டுகளை விற்று, அந்தக் காசில் செட்டில் விட்டுப்போனவற்றை வாங்குவதோடு சரி. விற்பதில் முக்கால்வாசி ஒரு டாலர், இரண்டு டாலர் கார்டுகள். ஐந்து டாலர் என்றால் அன்று பெரிய விற்பனை. இந்த விலைக் கார்டை எப்படி அனுப்புவது, தபாலில் கூடுதல் கட்டணம் எப்போது விழும், எப்போது விழாது என்று இங்கே கார்டு விற்கத் தொடங்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடிபட்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஏன் சாதாக் கவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பபிள் மெய்லர் என்ற குமிழ் உறையில் போட்டு டிராக்கிங்கோடு அனுப்புவதுதான் பாதுகாப்பு. 2023 ஜூலையில் அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ் கொண்டுவந்த கிரவுண்ட் அட்வான்டேஜ் என்ற பொட்டலச் சேவை அதற்கானதுதான். ஆனால் எவ்வளவு சிறிய பொட்டலமாக இருந்தாலும் நான்கு, ஐந்து டாலருக்குக் குறையாது. ஒன்றரை டாலர் கார்டுக்கு ஐந்து டாலர் தபால் செலவு யார் கொடுப்பார்கள்? ஆகவே சாதாரண வெள்ளைக் கவர், ஒரு ஸ்டாம்ப். கார்டு வட்டாரத்தில் இதை பி.டபிள்யூ.இ., அதாவது ப்ளெயின் ஒயிட் என்வலப், என்பார்கள். 2025 ஜூலை 13 அன்று ஒரு அவுன்ஸ் வரையிலான கடிதத்துக்கு ஸ்டாம்ப் 78 சென்ட் ஆனது; இங்கே நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்தக் கட்டணப்படிதான். இந்த வழி ஒன்று இருப்பதால்தான் மலிவுக் கார்டுகள் கைமாறுகின்றன. செட்டு முடிக்க இன்னும் நாலு கார்டுதான் பாக்கி என்று காத்திருக்கும் ஒரு பையனுக்கு, அந்த நாலும் ஆளுக்கொரு மாநிலத்திலிருந்து இப்படித்தான் வந்து சேர்கின்றன. எனக்கு இந்த வழி மிகவும் பிடித்தமானது. அதனாலேயே இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எடையில் இல்லை. புதிதாக வருபவர்கள் எல்லோரும் சமையலறைத் தராசை எடுத்துவைத்துக்கொண்டு அவுன்ஸ் பார்க்கிறார்கள். ஒரு கார்டு இரண்டு கிராம்கூட வராது. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கவர், உள்ளே ஒரு தாள், கார்டைச் செருகிவைக்கும் டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை ஒன்று, கார்டு எல்லாம் சேர்த்தாலும் ஒரு அவுன்ஸுக்குள் அடங்கிவிடும். இரண்டு டாப்லோடர் வைத்தால்தான் அந்த எல்லையை நெருங்கும். எடை சரியாக இருக்கிறது, 78 சென்ட் ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று, அப்புறம் என்ன என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த டாப்லோடர் வளையாது. வளையாத கடிதத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. இயந்திரத்தில் பிரிக்க முடியாத கடிதத்துக்கான நான்-மெஷினபிள் சர்சார்ஜ் அது. 2025 ஜூலைக் கட்டணப்படி 49 சென்ட். ஆக, டாப்லோடர் வைத்த ஒரு அவுன்ஸ் கவருக்கு உண்மையில் ஒட்ட வேண்டியது 1 டாலர் 27 சென்ட்.

இந்தக் கட்டணம் ஏறிய வேகத்தையும் பாருங்கள். 2020இல் ஸ்டாம்ப் 55 சென்ட், இந்தக் கூடுதல் 15 சென்ட். 2021 ஜனவரியில் அது 20, அதே ஆகஸ்டில் 30. 2024 ஜூலையில் 46. 2025 ஜூலையில் 49. ஸ்டாம்ப் விலை ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, கூடுதல் கட்டணம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. 15 சென்ட்டாக இருந்தபோது விற்பவர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள்.

வளைவதற்கும் தபாலுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நாம் பெட்டியில் போடும் கவர் பிரிப்பு மையத்தில் முதலில் முத்திரை குத்தும் இயந்திரத்துக்குப் போகிறது. அது கவரின் முகம் எந்தப் பக்கம், ஸ்டாம்ப் எங்கே என்று பார்த்துத் திருப்பி முத்திரை குத்துகிறது. அப்புறம் பார்கோடு படித்து ஊர்வாரியாகப் பிரிக்கும் இயந்திரம். மணிக்கு 30,000 கவருக்கு மேல் அதில் ஓடும். கவர் தன் நீளமான அடிப்பக்கத்தில் நின்றபடி, இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவே பிடிபட்டு, உருளைகளைச் சுற்றி வளைந்து வளைந்து பறக்கும். தபால் விதியில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்கள்: 11 அங்குல விட்டமுள்ள வளைவில், 40 பவுண்டு இழுப்புள்ள பெல்ட்டின் பிடியில் கவர் சுலபமாக வளைந்துகொடுக்க வேண்டும்.

அந்த வளைவில் டாப்லோடர் என்ன செய்யும்? நேராகவே நிற்கப் பார்க்கும். கவர் வளையும், அது வளையாது. முனை கவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். எங்களுக்கு வந்த ஒரு கவரை வைத்திருக்கிறேன். வலப்பக்க ஓரத்தில் கத்தியால் கீறியது மாதிரி ஒரு பிளவு, சரியாக டாப்லோடரின் அகலம், மூன்று அங்குலம். பிளவைச் சுற்றி பெல்ட் உரசிய கறுப்புத் தீற்றல். கவர் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வருத்தக் குறிப்போடு வந்தது. உள்ளே மடித்த தாள் மட்டும் இருந்தது, கார்டு இல்லை. அனுப்பியவர் தாளில் ‘நன்றி, மகிழ்ச்சியாக அனுபவியுங்கள்’ என்று கையால் எழுதி ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் டாப்லோடரைத் தாளோடு ஒட்டாமல் சும்மா உள்ளே நழுவவிட்டிருந்தார். வேகமாகப் போய்த் திடீரென்று நிற்கும்போது அது முன்னால் பாய்ந்துவிட்டது.

எல்லாக் கவரும் இப்படிக் கிழிவதில்லை. பல டாப்லோடர் கவர்கள் 78 சென்ட் ஸ்டாம்ப்போடு அப்படியே தப்பித்து வந்துவிடும். அதுதான் இதில் உள்ள பெரிய தொந்தரவு. பல முறை போய்ச் சேர்ந்துவிடுவதால் விற்பவர் அதுவே விதி என்று நம்பிவிடுகிறார். ஒருநாள் யாரோ ஒரு ஊழியர் கையில் கவரை எடுத்து அமுக்கிப் பார்க்கிறார், ‘போஸ்டேஜ் டியூ’, அதாவது தபால் கட்டணம் பாக்கி, என்ற முத்திரை விழுகிறது. அந்தப் பணத்தைக் கேட்பது அனுப்பியவரிடம் அல்ல, வாங்குபவரிடம். கட்டினால் கவர் கிடைக்கும். மறுத்தால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நம் ஊரில் ஸ்டாம்ப் குறைந்த கடிதத்துக்குக் குறைந்த தொகையின் இரட்டிப்பை வாங்கிக்கொண்டுதான் தபால்காரர் கொடுப்பார். இங்கே குறைந்தது மட்டும்தான். ஆனாலும் கட்டும் கை அதே கைதான்.

எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. மேற்குக் கரையிலிருந்து ஒருவர் அனுப்பிய கார்டு. என் மகன் தபால் பெட்டியைத் திறந்துவிட்டு ஓடிவந்தான். “அப்பா, கவர் வரல, ஒரு சீட்டுதான் இருக்கு. காசு கட்டணுமாம்.” அவன் தன் சேமிப்பிலிருந்து வாங்கிய கார்டு அது. விலையும் தபால் செலவும் முன்பே கட்டியாகிவிட்டது. இன்னும் ஏன் கட்ட வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. அது நியாயமான கேள்வி. தொகை சில்லறைதான், ஆனால் அதற்காகப் போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கும் நேரம் பார்த்துப் போய் வரிசையில் நிற்க வேண்டும். விற்றவருக்குத் தகவல் அனுப்பினேன். “நான் எப்போதும் இப்படித்தான் அனுப்புகிறேன், இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை” என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் வாங்கிய மற்றவர்கள் சில்லறைக்காக எதற்குப் பேச்சு என்று கட்டிவிட்டு இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முடிவு: எங்களிடம் வாங்குகிறவர் வாசலில் ஒரு சென்ட்கூடக் கட்டக் கூடாது.

அதற்கு இரண்டே வழி. ஒன்று, கவர் உண்மையாகவே வளையும்படி கட்டுவது. இல்லையென்றால் 49 சென்ட்டை நாமே கட்டிவிடுவது. இரண்டுக்கும் நடுவில் நின்று அதிர்ஷ்டத்தை நம்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

வளையும்படி கட்டுவது எப்படி என்று கேட்டால், முதல் காரியம் டாப்லோடரை மறப்பது. ஐந்து டாலருக்குக் கீழே உள்ள கார்டுக்கு அது தேவையே இல்லை. கார்டை முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய உறையில் போடுகிறோம். அதன் முன்னும் பின்னும், ஸ்லீவ் போட்ட கார்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய மெல்லிய அட்டை. சீரியல் டப்பாவின் அட்டை இதற்கு மிகப் பொருத்தம். கொரியர் பெட்டியின் நெளிவு அட்டை வேண்டாம். அது கனமும் கூட்டும், விறைப்பும் கூட்டும். யாருக்கும் வேண்டாத சாதாக் கார்டுகளை முன்னும் பின்னும் வைப்பவர்களும் உண்டு. அதுவும் சரிதான், ஆனால் அடுக்கிக்கொண்டே போனால் அதுவே பலகை ஆகிவிடும். பக்கத்துக்கு ஒன்று போதும். இந்த அட்டைகளின் ஓரத்தைப் பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப்பால் ஒட்டுகிறோம். அது பிசினை விட்டுவைக்காமல் உரிந்து வரும். டேப்பின் ஒரு முனையை உள்பக்கமாகச் சின்னதாக மடித்துவிட்டால், வாங்குபவர் நகத்தால் சுரண்டாமல் பிடித்து இழுக்கலாம். கண்ணாடி டேப்பை ஸ்லீவின் வாயில் ஒட்டி அனுப்புபவர்கள் உண்டு. பிரிக்கும்போது அந்தப் பிசின் கார்டின் விளிம்பில் பட்டால் அந்தக் கார்டு அவ்வளவுதான்.

அடுத்தது நழுவாமல் பார்ப்பது. ஏ4 அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும் சாதாரண பிரின்டர் தாளை எடுத்து, கார்டு அட்டையை அதன் நடுவில் டேப்பால் ஒட்டி, தாளைக் கடிதம் மாதிரி மூன்றாக மடித்துக் கவருக்குள் வைக்கிறோம். கார்டு கவரின் நடுவுக்கு வர வேண்டும். ஸ்டாம்புக்குக் கீழே போகக் கூடாது, முத்திரை குத்தும் இடம் அது. ஓரத்திலும் ஒதுங்கக் கூடாது, ஒரு பக்கம் புடைத்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தால் இயந்திரத்துக்கு ஆகாது. ஒரே சீரான கனம் இல்லாததும் கூடுதல் கட்டணத்துக்கு ஒரு காரணம். கவர் பெரிதாக இருந்தால் கார்டை நிமிர்த்தி வைப்பது நல்லது என்பது என் அனுபவம். கவர் நீளவாட்டில் வளைகிறது. கார்டின் சின்னப் பக்கம், அந்த இரண்டரை அங்குலம், நீளத்தோடு சேர்ந்திருந்தால் அது படும் வளைவு குறைவு.

ஒட்டி முடித்ததும் கவரின் இரண்டு முனைகளையும் பிடித்து லேசாக வளைத்துப் பார்ப்போம். முழுக் கவரும் ஒரே சீராக வில் மாதிரி வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். நடுவில் ஒரு துண்டு மட்டும் வளையாமல் நின்றால், அதைப் பிரித்து அட்டையைக் குறைப்போம். கார்டுக்கு ஏதாவது ஆகாதா என்று மகன் ஆரம்பத்தில் பயந்தான். 11 அங்குல விட்டம் என்றால் ஐந்தரை அங்குல ஆரமுள்ள பெரிய வளைவு. ஸ்லீவுக்குள் இருக்கும் சாதாரண கார்டு அதில் மடிப்பு விழாமல் போய்வரும். கார்டு கெடுவதற்கு வளைவு காரணமாக இருப்பது குறைவு, உள்ளே நழுவி மூலை இடிபடுவதுதான் அதிகம்.

செமி-ரிஜிட் என்று இன்னொன்று இருக்கிறது. தரம் பார்க்கும் நிறுவனங்களுக்குக் கார்டு அனுப்பும்போது போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. டாப்லோடரைவிட வளையும், அட்டையைவிடக் காக்கும். ஐந்திலிருந்து இருபது டாலர் கார்டுக்கு நான் இதைப் பயன்படுத்துவேன். ஆனால் இதுவும் கவருக்குக் கவர் வேறுபடும். வளைத்துப் பார்க்கும்போது சந்தேகம் வந்தால் 49 சென்ட் கட்டிவிடுவேன்.

கட்டும் வழியும் எளிதுதான். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் “இது வளையாது, நான்-மெஷினபிள் போடுங்கள்” என்று நாமே சொல்லிவிட்டால் அவர்கள் அதற்குரிய தொகையை அச்சிட்டு ஒட்டிவிடுவார்கள். சிலர் கால் அங்குலப் பிளவு உள்ள ஒரு பிளாஸ்டிக் பலகையை எடுத்து, அதற்குள் கவர் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். கவுண்டருக்குப் போக நேரமில்லை என்றால் வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்ப் இருக்கிறது. 2010இல் மோனார்க் வண்ணத்துப்பூச்சியோடு 64 சென்ட்டுக்கு முதலில் வந்தது. சதுரமான வாழ்த்து அட்டைக் கவர்களுக்காகவே வந்த ஸ்டாம்ப். அன்றைய 44 சென்ட் கடிதக் கட்டணமும் 20 சென்ட் கூடுதலும் சேர்ந்த தொகை அது. இன்று விற்கும் வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்ப் ஒன்று ஒட்டினால் ஒரு அவுன்ஸ் வளையாத கவருக்கு எல்லாம் கட்டியாகிவிடும்.

அதுவும் கையில் இல்லையென்றால் ஃபாரெவர் ஸ்டாம்ப், அதாவது விலை போடாத சாதாரணக் கடித ஸ்டாம்ப், இரண்டு. 1 டாலர் 56 சென்ட். ஒரு அவுன்ஸ் கவருக்குத் தேவை 1.27 என்பதால் 29 சென்ட் வீண். ஆனால் கவர் ஒரு அவுன்ஸைத் தாண்டி இரண்டுக்குள் இருந்தால், 78, கூடுதல் அவுன்ஸுக்கு 29, வளையாததற்கு 49 என்று கூட்டிப் பாருங்கள்: அச்சாக 1.56. அதாவது மூன்று நான்கு கார்டுகளை இரண்டு டாப்லோடரில் வைத்து அனுப்பும்போது இரண்டு ஃபாரெவர் ஸ்டாம்ப் ஒரு சென்ட்கூடக் கூடாமல் குறையாமல் சரியாக வரும். விலை அடுத்து மாறும்போது இந்தப் பொருத்தம் மாறலாம், ஒவ்வொரு ஜூலையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் அவுன்ஸ் ஸ்டாம்ப் ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டு வளையாததற்கும் அது சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 29 சென்ட் 49 ஆகாது. இன்னும் 20 சென்ட் பாக்கி, அதை வாங்குபவர்தான் கட்டுவார்.

ஸ்டாம்ப் ஒட்டியதோடு ‘நான்-மெஷினபிள்’ என்று கவரின் முகத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். அப்போதுதான் அது கையால் பிரிக்கும் பக்கம் போகும். வெறும் 78 சென்ட் ஒட்டிவிட்டு ‘தயவுசெய்து கையால் முத்திரை குத்தவும்’ என்று எழுதுவதால் பயன் இல்லை. முத்திரை கையால் விழுந்தாலும், அடுத்த கட்டத்தில் பிரிக்கும் இயந்திரம் காத்துக்கொண்டிருக்கும்.

டாப்லோடர் இல்லாமலும் இந்தக் கட்டணம் விழும் இடங்கள் சில உண்டு, விற்பவர்கள் கவனிப்பதில்லை. சதுரக் கவர் வேண்டாம். நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3க்கும் 2.5க்கும் நடுவில் வர வேண்டும். நம்பர் 10 என்ற நீளக் கவர் 2.3, தாராளமாகச் சரி. முகவரியைக் கவரின் சின்னப் பக்கத்தோடு எழுதினால், அதாவது கவரை நிமிர்த்திப் பிடித்து எழுதினால், அதற்கும் உண்டு. கொக்கி, கயிறு, பொத்தான் வைத்த கவர்களும் அப்படியே. கனம் கால் அங்குலத்தைத் தாண்டினால் அது கடிதமே இல்லை. பெரிய கவர் கணக்கில் 1.63க்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பெரிய கவரும் வளைய வேண்டும் என்பதுதான் விதி. வளையாவிட்டால் பொட்டலக் கட்டணம். காந்தம் வைத்த கெட்டிப் பெட்டி, ஜெர்சித் துணி பதித்த தடிமனான கார்டு, தரம் போட்டு மூடிய ஸ்லாப் இவற்றுக்குச் சாதாக் கவரை யோசிக்கவே வேண்டாம்.

ஈபேயில் விற்பவர்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஸ்டாண்டர்டு என்வலப் என்று ஒரு வசதி இருக்கிறது. 20 டாலருக்கு உட்பட்ட கார்டை, மூன்று அவுன்ஸ் வரை, டிராக்கிங்கோடு கடிதமாக அனுப்பலாம். எங்கள் விற்பனையில் பெரும்பங்கு இதில்தான் போகிறது. ஆனால் இங்கேயும் வளைவுதான் விஷயம். அந்த டிராக்கிங் எங்கிருந்து வருகிறது? கவரில் அச்சிட்ட பார்கோடைப் பிரிப்பு இயந்திரம் படிக்கும்போதுதான். கவர் விறைப்பாக இருந்து கையால் பிரிக்கும் பக்கம் போய்விட்டால் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். கார்டு போய்ச் சேர்ந்திருக்கும், திரையில் மட்டும் அசையாமல் நிற்கும். டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படித்தான் போன் செய்தார். “அண்ணே, என்னோடது எதுவுமே ஸ்கேன் ஆகமாட்டேங்குது, என்ன பண்றதுன்னே தெரியல.” எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். டாப்லோடர், இரண்டு பக்கமும் நெளிவு அட்டை. அதை விட்டுவிட்டு மெல்லிய அட்டைக்கு மாறச் சொன்னேன். இப்போது பெரும்பாலும் ஸ்கேன் ஆகிறது என்கிறார்.

எந்தக் கார்டை எப்படி அனுப்புவது என்பதற்கு எங்கள் கணக்கு இதுதான். ஐந்து டாலர் வரை மெல்லிய அட்டை, ஒரு ஸ்டாம்ப். அதற்கு மேல் இருபது வரை செமி-ரிஜிட், அல்லது வாங்குபவர் விரும்பினால் டாப்லோடர். டாப்லோடர் என்றால் கூடுதல் கட்டணத்தை விற்பனைப் பக்கத்திலேயே தபால் செலவில் சேர்த்துக் காட்டிவிடுகிறோம். 78 சென்ட் என்று போட்டிருப்பவரைவிட எங்கள் தபால் செலவு அதிகமாகத் தெரியும், அதனால் சில விற்பனை போகவும் போகும். போகட்டும். முன்பே சொல்லி வாங்கும் 49 சென்ட்டுக்கும், வீட்டு வாசலில் எதிர்பாராமல் கேட்கும் 49 சென்ட்டுக்கும் வாங்குபவர் மனதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இருபதுக்கு மேல் போனால் பபிள் மெய்லர், டிராக்கிங், பேச்சே இல்லை.

இணையத்தில் பாதி விலைக்கு ஸ்டாம்ப் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம். மலிவுக் கார்டு விற்பவர்களைக் குறிவைத்தே இந்த விளம்பரங்கள் வருகின்றன. பெரும்பாலும் கள்ள ஸ்டாம்ப். அதை ஒட்டிய கவர் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். டியூ போட்டுக்கூட வாங்குபவரிடம் வராது, நம்மிடமும் திரும்பாது.

சென்னையிலும் டொரண்டோவிலும் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் கார்டு கேட்பார்கள், ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். முடியாது. 2018 ஜனவரியிலிருந்து அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கடிதக் கவரில் காகித ஆவணம் மட்டும்தான் வைக்கலாம். கார்டு பொருள் கணக்கு. சுங்கப் படிவத்தோடு பொட்டலமாகத்தான் போக வேண்டும், அதற்கான செலவு இரண்டு டாலர் கார்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். சேர்த்துவைத்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

வாங்குபவராக உங்களுக்கு டியூ சீட்டு வந்தால், கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் கார்டு இன்னொரு முறை அதே இயந்திரங்கள் வழியே திரும்பிப் போக வேண்டும். அந்தப் பயணத்தில் அது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. கவரைப் பிரிக்கும் முன் முத்திரையும் தொகையும் தெரியும்படி படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள், கட்டிய தொகையைக் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டாம், குறைந்த மதிப்பெண்ணும் உடனே போட வேண்டாம். பலருக்கு இப்படி ஒரு கட்டணம் இருப்பதே தெரியாது. டாப்லோடர் வளையாது, அதற்கு 49 சென்ட் கூடுதல் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகு அடுத்த முறை வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியவர்கள் எங்களுக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.